ஸ்லைடை உள்ளே இழுத்த நிலையில் டிரெய்லருக்குள் தங்கலாமா?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: இரண்டு ஸ்லைடு-அவுட் (பொத்தானை அழுத்தினால் சோபா, கட்டிலோடு சுவரிலிருந்து வெளியே நீண்டு அறையை அகலமாக்கும் பகுதி; சுருக்கமாக ஸ்லைடு) உள்ள 30 அடி டிராவல் டிரெய்லரை, அதாவது காருக்குப் பின்னால் மாட்டும் நகரும் வீட்டை, இழுத்துக்கொண்டு மே மாதக் கடைசியில் சியாட்டிலில் இருந்து யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போகிறீர்கள். நீங்கள் இருவர், ஆறு வயது மகன், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. வழியில் நெடுஞ்சாலை ஓர ரெஸ்ட் ஏரியாவிலோ வால்மார்ட் கடையின் பார்க்கிங்கிலோ இரவு தங்க வேண்டியிருக்கும். அங்கே ஸ்லைடை வெளியே தள்ள முடியாது. அது உள்ளே இருக்கும்போதே சமைப்பது, ஹீட்டர் போடுவது, படுப்பது எல்லாம் செய்தால் ஆபத்து உண்டா, ஸ்லைடு பழுதாகுமா?

தங்கலாம். டிரெய்லர் வைத்திருப்பவர்கள் வழக்கமாகச் செய்வதுதான் இது. ஸ்லைடைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. அது முழுதாக உள்ளே இருக்கும்போதுதான் மிகப் பத்திரமாக இருக்கிறது. கவனமெல்லாம் உள்ளே படுக்கப்போகும் நான்கு பேர் மேல் இருக்க வேண்டும். ஸ்லைடு உள்ளே வந்ததும் வண்டிக்குள் மூன்று விஷயங்கள் மாறிவிடுகின்றன: வெளியே ஓடும் வழி, சூடான காற்று வரும் துளைகள், அடுப்புக்கும் எதிரில் இருக்கும் பொருளுக்கும் நடுவே உள்ள தூரம். இந்த மூன்றையும் கிளம்புவதற்கு முன்னால், வீட்டு வாசலிலேயே, ஸ்லைடை மூடி வைத்து ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

முதலில் ஸ்லைடு எப்படி நிற்கிறது என்று பார்த்துவிடுவோம். முழுதாக உள்ளே வந்த ஸ்லைடின் வெளி விளிம்பு டிரெய்லர் சுவரில் இருக்கும் ரப்பர் சீலை நன்றாக அழுத்திக்கொண்டு நிற்கும். முழுதாக வெளியே போனால் உள் விளிம்பு அதே வேலையைச் செய்யும். நடுவில் நிறுத்தினால் எந்தச் சீலும் பிடிக்காது, மழைத் தண்ணீர் உள்ளே வரும், எடையும் சரியான இடத்தில் உட்காராது. "கொஞ்சம் மட்டும் திறந்துகொள்ளலாம், நடக்க இடம் கிடைக்கும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒன்று முழுதாக உள்ளே, அல்லது முழுதாக வெளியே.

ஸ்லைடின் பக்கச் சுவர்களில் மேலும் கீழுமாகப் பற்கள் வைத்த அலுமினியப் பட்டை தெரிந்தால் அது ஷ்விண்டெக் என்று சொல்லும் வகை. இரண்டு பக்கமும் தனித்தனி மோட்டார் இருக்கும். பொத்தானை விட்டு விட்டு அழுத்தினால் இரண்டு மோட்டார்களும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போய், ஸ்லைடு கோணலாக நின்றுவிடும். உள்ளே இழுக்கும்போது மோட்டார்கள் தானாக நிற்கும்வரை பொத்தானை விடாமல் பிடித்திருங்கள். சத்தம் நின்ற பிறகும் இரண்டு மூன்று விநாடி பிடித்திருந்தால் நல்லது. கேபிளில் ஓடும் வகை, வண்டிக்கு அடியில் பல்சக்கரத்தில் ஓடும் வகை, ஹைட்ராலிக் வகை என்று வேறு வகைகளும் உண்டு. உங்களுடையது எது என்று மேனுவலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பாதி வழியில் நின்றுவிட்டால் கையால் உள்ளே தள்ளும் முறை ஒவ்வொன்றுக்கும் வேறு.

அம்மா வருவதால் இன்னொன்று சொல்ல வேண்டும். சில டிரெய்லர்களில் ஸ்லைடு வெளியே இருக்கும்போது அதன் தரையும் வண்டியின் தரையும் ஒரே மட்டமாக இருக்கும். அந்த ஸ்லைடு உள்ளே வரும்போது ஒரு சரிவில் ஏறி, வண்டியின் தரைக்கு மேலே வந்து உட்காரும். அப்போது நடைபாதையின் ஓரத்தில் சில அங்குல உயரத்துக்கு ஒரு விளிம்பு நிற்கும். பகலில் பார்த்துக் கால் வைத்துவிடலாம். இரவில் பாத்ரூமுக்கு எழுந்து வரும் வயதானவருக்கு அது இடறும் இடம். பேட்டரியில் எரியும் சின்ன மோஷன் சென்சார் விளக்கு ஒன்றை முழங்கால் உயரத்தில் ஒட்டிவிடுங்கள். விளிம்பின்மேல் வெளிர் நிற டேப் ஒட்டினாலும் கண்ணுக்குத் தெரியும்.

ஸ்லைடு மேல் இருக்கும் சோபாவிலோ சாப்பாட்டு மேசையிலோ உட்காருவதில் பொதுவாகப் பிரச்சினை இல்லை. பையன் அதில் குதிக்க வேண்டாம், கனமான பெட்டிகளை அதன்மேல் அடுக்க வேண்டாம், அவ்வளவுதான். ஸ்லைடு நகரும்போது மட்டும் யாரும் அதன்மேல் இருக்கக் கூடாது.

இப்போது வெளியே ஓடும் வழி. இந்தப் பதிலில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். டிரெய்லர்கள் மெல்லிய மரப்பலகை, ஃபோம், பிளாஸ்டிக் ஆகியவற்றால் ஆனவை. தீப்பிடித்தால் வெளியேற மிகக் குறைந்த நேரமே கிடைக்கும். அதனால்தான் அமெரிக்காவில் ஆர்வி எனப்படும் இந்த மாதிரி நகரும் வீடுகளுக்கான என்எஃப்பிஏ 1192 என்ற பாதுகாப்பு விதி, வாசல் கதவைத் தவிர இன்னொரு வெளியேறும் வழியும் கேட்கிறது. பெரும்பாலும் அது படுக்கையறைச் சன்னல். சிவப்புக் கைப்பிடி இருக்கும். கைப்பிடியைத் தூக்கிவிட்டு அடிப்பக்கத்தை வெளியே தள்ளினால் சன்னல் மேல்பக்கக் கீலில் திறந்துகொள்ளும்.

ஸ்லைடு வெளியே இருக்கும்போது இரண்டு வழியும் தாராளமாகக் கைக்கெட்டும். உள்ளே வந்த பிறகு அப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சில வண்டிகளில் ஹால் ஸ்லைடு உள்ளே வந்தால் படுக்கையறைக்குப் போகும் பாதை ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்குச் சுருங்கிவிடும். சிலவற்றில் பாதையே அடைபட்டுவிடும். படுக்கை ஸ்லைடில் இருந்தால், கட்டிலின் கால்மாடு எதிரே இருக்கும் அலமாரியோடு ஒட்டி நிற்கும், சன்னலுக்குப் போக மெத்தையின்மேல் தவழ வேண்டும். ஸ்லைடின் பக்கச் சுவரில் இருக்கும் சின்னச் சன்னல்கள் உள்ளே வந்ததும் மறைந்துவிடும். அதோடு, பகலில் நடைபாதையாக இருந்த இடத்தில் இரவில் பையனுக்காகப் படுக்கை விரித்தால் இருக்கிற வழியும் போச்சு.

ஆகவே ஒத்திகை பாருங்கள். வீட்டு வாசலில் ஸ்லைடுகளை மூடி, இரவில் யார் எங்கே படுப்பார்களோ அங்கேயே படுக்கவைத்து, விளக்கை அணைத்துவிட்டு, ஒவ்வொருவரும் கதவுக்கு வர முடிகிறதா, சன்னலுக்கு வர முடிகிறதா என்று பாருங்கள். சன்னலை நிஜமாகவே திறந்து பார்க்க வேண்டும். நெடுநாள் திறக்காத சன்னலின் ரப்பர் வெயிலில் ஒட்டிக்கொண்டிருக்கும், முதல் தடவை நல்ல பலம் கொடுத்துத் தள்ள வேண்டியிருக்கும். அம்மாவால் சன்னல் வழியாக இறங்க முடியாது என்றால், ஸ்லைடு மூடிய இரவுகளில் அவரைக் கதவுக்குப் பக்கத்தில் படுக்கவையுங்கள். உள் அறைப் படுக்கை வசதியானதுதான், அதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்லைடு மூடிய நிலையில் ஒருவருக்குக் கதவும் இல்லை, சன்னலும் இல்லை என்று தெரிந்தால், அந்த வண்டியில் ஸ்லைடு மூடித் தூங்கக் கூடாது. அப்போது கேம்ப்கிரவுண்டிலோ மோட்டலிலோ பணம் கொடுத்துத் தங்குவதுதான் சரி.

அடுத்தது சூடு. மே கடைசியில் யெல்லோஸ்டோனில் இரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போவது சாதாரணம். பனி பெய்வதும் உண்டு. வழியிலும் மலைக் கணவாய்கள் இருக்கின்றன. ஹீட்டர் இல்லாமல் முடியாது.

டிரெய்லரின் ஃபர்னஸ் என்ற ஹீட்டர் புரொப்பேன் வாயுவில் எரியும். சூடான காற்று தரையில் இருக்கும் கம்பித் துளைகள் வழியாக வரும். ஸ்லைடு உள்ளே வரும்போது அதன் தரை சில துளைகளின்மேல் போய் நின்றுவிடும். தரைமட்டத்தில் குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள்: கம்பிக்கும் ஸ்லைடின் அடிப்பாகத்துக்கும் நடுவே விரல் நுழையும் இடம்கூட இருக்காது, கம்பளத்தின் ஓரம் மடிந்து துளையை மூடிக்கொண்டிருக்கும். அதே மாதிரி ஃபர்னஸ் காற்றை உள்ளே இழுக்கும் பெரிய சல்லடை ஒன்று, பெரும்பாலும் ஃபிரிட்ஜுக்குக் கீழேயோ அலமாரிக்குக் கீழேயோ இருக்கும். சோபாவின் முன்பக்கம் அதன்மேல் வந்து மோதி நிற்கக்கூடும்.

காற்றுப் போக வழியில்லாவிட்டால் ஃபர்னஸ் உள்ளுக்குள் அளவுக்கு மேல் சூடாகும். அதில் இருக்கும் வெப்பக் கட்டுப்பாட்டு ஸ்விட்ச் தீயை அணைத்துவிடும், விசிறி மட்டும் ஓடும், ஆறியதும் மறுபடி பற்றும், மறுபடி அணையும். இப்படிக் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை பற்றி அணைந்தாலோ, தூசி கருகும் வாசம் விடாமல் வந்தாலோ, துளைகள் அடைபட்டிருக்கின்றன என்று அர்த்தம். அந்தப் பாதுகாப்பு ஸ்விட்ச் அவசரத்துக்கு வைத்தது. இரவு முழுக்க அதை நம்பி ஃபர்னஸை ஓட்டக் கூடாது. எத்தனை துளை திறந்திருக்க வேண்டும் என்று ஃபர்னஸ் மேனுவலில் கணக்கு உண்டு. ஸ்லைடு மூடிய நிலையில் அத்தனை திறந்திருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.

"அப்போ கடையில் கிடைக்கும் 1500 வாட் மின்சார ஹீட்டர் வைத்துக்கொள்ளலாமே" என்று தோன்றும். வேண்டாம். அந்த ஹீட்டர்களுக்கு எரியக்கூடிய பொருள்களிலிருந்து 3 அடி தள்ளி வைக்க வேண்டும் என்பது பொதுவான விதி. ஸ்லைடு உள்ளே வந்த டிரெய்லரின் நடைபாதை மொத்தமே இரண்டு அடி இருந்தால் பெரிது. எங்கே வைத்தாலும் ஒரு பக்கம் சோபாத் துணி, மறுபக்கம் போர்வை. ரெஸ்ட் ஏரியாவில் மின்இணைப்பும் இருக்காது. ஃபர்னஸை 60 டிகிரி ஃபாரன்ஹீட் அளவில் வைத்து, நல்ல கம்பளிகளைக் கொடுத்துத் தூங்கச் சொல்லுங்கள். அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காயும் யோசனை மட்டும் யாருக்கும் வரவே கூடாது. நிறமும் வாசமும் இல்லாத நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடால் வரும் சாவுகள் பல அப்படித்தான் நடக்கின்றன.

சமையலைப் பொறுத்தவரை, அடுப்பு ஸ்லைடில் இருக்கிறதா, வண்டியின் நிலையான சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லைடில் இருந்தால் அது உள்ளே வந்ததும் எதிர்ப்பக்க அலமாரிக்கு மிக அருகில் வந்துவிடும். நிலையான சுவரில் இருந்தால் எதிரே ஸ்லைடில் இருக்கும் சோபாவின் முன்பக்கம் அடுப்பை நெருங்கி வரும். எப்படியும் அடுப்புக்கு முன்னால் நிற்பவருக்கு எண்ணெய் தெறித்தால் பின்வாங்க இடம் இருக்காது. சில நிறுவனங்கள் ஸ்லைடு மூடியிருக்கும்போது அடுப்பைப் பற்றவைக்கவே கூடாது என்று மேனுவலில் எழுதியிருக்கின்றன. அப்படி எழுதியிருந்தால் அதோடு பேச்சு முடிந்தது. எழுதியிருக்காவிட்டாலும் என் யோசனை, அந்த ஓர் இரவுக்குத் தாளிப்பும் தோசையும் வேண்டாம். புளியோதரையோ தயிர்சாதமோ வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போகலாம். பாலோ வெந்நீரோ சூடுபண்ணும் அளவுக்கு அடுப்பைப் பயன்படுத்துவதாக இருந்தால், கூரைவிசிறியைப் போட்டு, ஒரு சன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்கு மேலே இருக்கும் புகைபோக்கியின் வெளிமூடியைப் பயணத்துக்காக மாட்டிய கொக்கியிலிருந்து எடுத்துவிட்டுப் பற்றவையுங்கள்.

சன்னல் திறப்பதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 12 அடி நீளம், 3 அடி ஆழம், ஆறரை அடி உயரம் உள்ள ஒரு ஸ்லைடு உள்ளே வந்தால் வண்டிக்குள் இருக்கும் காற்றில் ஏறக்குறைய 234 கன அடி குறைந்துவிடும். உங்களுக்கு இரண்டு ஸ்லைடு. அடுப்பு சாப்பிடும் ஆக்சிஜனும் நான்கு பேர் மூச்சில் விடும் ஈரமும் குறையப்போவதில்லை. காலையில் சன்னல் ஓரமெல்லாம் தண்ணீர் வழியும். இரவில் கூரை வென்ட்டை ஓர் அங்குலமாவது திறந்து வைத்துத் தூங்குங்கள், கொஞ்சம் குளிர் வந்தாலும் பரவாயில்லை.

அலாரம் மூன்றும் வேலை செய்ய வேண்டும்: புகைக்கு ஒன்று, கார்பன் மோனாக்சைடுக்கு ஒன்று, புரொப்பேன் கசிவுக்கு ஒன்று. புரொப்பேன் காற்றைவிடக் கனம், அதனால் அதன் அலாரம் தரைக்குப் பக்கத்தில் இருக்கும். ஸ்லைடு உள்ளே வந்ததும் அதற்கு முன்னால் ஷூவோ பையோ போர்வையோ குவிந்து மறைத்துவிடாமல் பாருங்கள். அலாரங்களுக்கு ஆயுள் உண்டு, முடியும் தேதி பின்பக்கத்தில் இருக்கும். பழைய டிரெய்லர் என்றால் கழற்றிப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, ரெஸ்ட் ஏரியாவில் லாரிகள் இரவு முழுக்க எஞ்சினை ஓடவிட்டு நிற்கும். அவற்றின் புகை உங்கள் சன்னல் பக்கம் வராத இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். உங்களிடம் ஜெனரேட்டர் இருந்தால் தூங்குவதற்கு முன் அணைத்துவிடுங்கள்.

ஃபிரிட்ஜ் ஸ்லைடில் இருந்தாலும் அதன் காற்றுத் துளைகள் வெளிச்சுவரில்தான் இருக்கும், அதனால் உள்ளே இழுத்த நிலையிலும் பொதுவாக ஓடும். கதவு முழுதாகத் திறக்குமா என்பதுதான் கேள்வி. திறக்காவிட்டால் இரவுக்கு வேண்டியதை ஐஸ்பெட்டியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுப்போ புரொப்பேனில் ஓடும் பழைய வகை ஃபிரிட்ஜோ ஸ்லைடில் இருந்தால், அதற்குப் போகும் புரொப்பேன் குழாய் வண்டிக்கு அடியில் ஸ்லைடோடு சேர்ந்து மடங்கி நிமிரும். ஸ்லைடு முழுதாக உள்ளே இருக்கும்போது ஒரு தடவை, வெளியே இருக்கும்போது ஒரு தடவை கீழே படுத்துப் பாருங்கள். எங்காவது இரும்பில் உரசித் தேய்ந்திருந்தால், பயணத்துக்கு முன்பே மாற்றியாக வேண்டும்.

ஸ்லைடு பொத்தானைப் பற்றிப் பெற்றோர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான டிரெய்லர்களில் அது கதவுக்குப் பக்கத்தில், விளக்கு ஸ்விட்ச்களோடு வரிசையாக இருக்கும், ஆறு வயதுப் பையனுக்கு எட்டும் உயரத்தில். உள்ளே இருக்கும் ஸ்லைடை அவன் தெரியாமல் வெளியே தள்ளிவிட்டால் பக்கத்தில் நிற்கும் கார்மேலோ நடந்து போகிறவர்மேலோ மோதும். அதை மறுபடி உள்ளே இழுக்கும்போது யாருடைய கையாவது காலாவது நடுவில் மாட்டினால் மோட்டார் உடனே நின்றுவிடும் என்று நம்ப முடியாது. பொத்தான்மேல் ஒரு மூடி மாட்டுங்கள். சில வண்டிகளில் பூட்டும் சாவி இருக்கும். இல்லையென்றால் ஸ்லைடு மோட்டாரின் ஃபியூஸை இரவுக்கு எடுத்து வைத்துவிடலாம். ஸ்லைடை உள்ளே பிடித்துவைக்கும் கம்பி அல்லது பூட்டு உங்கள் வண்டியில் இருந்தால், அதைப் போட்டிருப்பது தெரிகிற மாதிரி பொத்தானுக்கு மேல் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டுங்கள். கம்பியை எடுக்காமல் யாராவது ஸ்லைடைத் தள்ளினால் சட்டமே வளைந்துவிடும். போன் சார்ஜர் வயர்கள் ஸ்லைடுக்கும் தரைக்கும் குறுக்கே கிடக்க விடாதீர்கள்.

வால்மார்ட்டில் ஸ்லைடைத் திறக்காமல் இருப்பது மரியாதைக்காக மட்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். டிரெய்லரின் அகலம் எட்டரை அடி வரை இருக்கலாம். பார்க்கிங் கோட்டுக்குள் இருக்கும் இடம் வழக்கமாக 9 அடிதான். 3 அடி ஸ்லைடைத் தள்ளினால் அது ஏறக்குறைய முழுக்க அடுத்த வண்டியின் இடத்தில் நிற்கும், அதுவும் இருட்டில் பின்னால் எடுக்கும் ஓட்டுநர் கண்ணில் படாத உயரத்தில். அனுமதி ஒவ்வொரு கடையின் மேலாளர் கையில் இருக்கிறது, ஊர்ச் சட்டத்தையும் பொறுத்தது. மாலையிலேயே போன் பண்ணிக் கேட்டுவிடுங்கள். வாஷிங்டன் மாநில ரெஸ்ட் ஏரியாக்களில் 8 மணி நேரம்வரை நிற்கலாம். ஐடஹோவிலும் மொன்டானாவிலும் அங்கங்கே பலகையில் போட்டிருப்பதைப் பாருங்கள். இப்படி ஓர் இரவு நிற்கும்போது டிரெய்லரைக் காரிலிருந்து கழற்றாமல், சக்கரங்களுக்குக் கட்டை வைத்துப் படுப்பது நல்லது. ஏதாவது சரியில்லை என்றால் உடனே கிளம்பிவிடலாம்.

உங்கள் பாதையில் ஸ்லைடை உள்ளே வைத்திருப்பது நன்மையாகவே முடியும் ஓர் இடமும் இருக்கிறது. ஐ-90 நெடுஞ்சாலையில் மொன்டானாவின் லிவிங்ஸ்டன் பலத்த காற்றுக்குப் பெயர்போன ஊர். காற்று அதிகமாகும் நாட்களில் உயரமான வண்டிகளை நெடுஞ்சாலையிலிருந்து இறக்கி ஊருக்குள் சுற்றி அனுப்புவார்கள். யெல்லோஸ்டோனின் வடக்கு வாசலான கார்டினருக்கு அங்கிருந்துதான் திரும்ப வேண்டும். அந்தப் பக்கம் கேம்ப்கிரவுண்டிலேயே தங்கினாலும், காற்று எச்சரிக்கை இருந்தால் ஸ்லைடுகளை உள்ளே இழுத்துவிட்டுத் தூங்குங்கள். ஸ்லைடுக்கு மேலே போட்டிருக்கும் துணிக்கூரை கிழியாது, வண்டியும் குறைவாக ஆடும். பனி பெய்யும் இரவுக்கும் இதே யோசனைதான். வெளியே நிற்கும் ஸ்லைடின் கூரையில் பனி சேர்ந்து உறைந்தால், காலையில் ஏணி வைத்து ஏறிக் கூட்டித் தள்ளாமல் உள்ளே இழுக்க முடியாது. இழுத்தால் பனிக்கட்டி சீலைக் கிழிக்கும், மிச்சம் தரைக் கம்பளத்தில் உருகும். ரப்பர் உறைந்து சுவரோடு ஒட்டியிருந்தால் பலவந்தமாக மோட்டாரை ஓட்டாமல், வெயில் ஏறும்வரை பொறுங்கள்.

வண்டி ஓடும்போது டிரெய்லருக்குள் யாரும் இருக்கக் கூடாது. டிராவல் டிரெய்லரில் ஆள் உட்கார்ந்து போவது பெரும்பாலான மாநிலங்களில் சட்டவிரோதம், அதில் சீட் பெல்ட்டும் கிடையாது. அம்மாவுக்குப் படுத்துக்கொண்டு வர ஆசையாக இருந்தாலும் காரில்தான் வர வேண்டும்.

கிளம்புவதற்கு முன் இன்னொரு வேலை. மேனுவலைப் புரட்டி, ஸ்லைடு உள்ளே இருக்கும்போது ஃபர்னஸ், அடுப்பு, படுக்கை இந்த மூன்றையும் பயன்படுத்த அனுமதி உண்டா என்று தேடுங்கள். தெளிவாக இல்லையென்றால் வண்டியைத் தயாரித்த நிறுவனத்தின் சேவைப் பிரிவுக்கு வண்டியின் அடையாள எண்ணான வின் எண்ணைக் கொடுத்து இதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். டீலரிடம் கேட்பதைவிட இதில் பதில் திருத்தமாக வரும், ஏனென்றால் ஒரே மாடலில்கூட ஆண்டுக்கு ஆண்டு உள் அமைப்பு மாறும். பதிலை மின்னஞ்சலில் வாங்கி, அச்செடுத்து, மேனுவலோடு சேர்த்து வண்டியிலேயே வையுங்கள்.